தடை நீங்கிய மாதம்

ஜூன் 14 நள்ளிரவில் காசிமேடு தூங்குவதில்லை. மீன்பிடித் துறைமுகத்தில் 61 நாட்களாகக் கட்டிப்போட்டிருந்த விசைப்படகுகளுக்கு டீசல் ஏறுகிறது. ஐஸ் கட்டிகளை உடைத்துப் படகின் அடித்தளத்தில் கொட்டுகிறார்கள். புதுச் சாயம் பூசிய முகப்பில் மாலை தொங்க, கற்பூரம் காட்டி முடித்ததும் என்ஜின் உறுமுகிறது. ஏப்ரல் 15 முதல் கிழக்குக் கடற்கரை நெடுகிலும் நடப்பில் இருந்த தடைக்காலம் அன்றோடு முடிகிறது. மீன்கள் இனம் பெருக்கும் பருவத்தில் கடலைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவைக்கும் ஏற்பாடு அது. இரண்டு மாதம் கரையில் கிடந்தவர்களுக்கு அந்த உறுமல்தான் மங்கல இசை.

அந்த இரவில் தொடங்கி ஏறக்குறைய ஜூலை நடு வரையான நாட்கள், தமிழ்க் கணக்கில் ஆனி மாதம், வடசென்னையைப் பார்க்கத் தோதானவை. ராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் இந்தப் பகுதியைப் பற்றி வெளியே பேசப்படுவதெல்லாம் லாரி, புகை, வழக்கு, வெள்ளம். இங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரிந்த சின்னச் சின்ன சந்தோஷங்கள் வேறு. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நூறு ரூபாய் போதும். சிலவற்றுக்கு அதுவும் வேண்டாம். ஆனி மாதத்துக்கு என்றே பொறுக்கி எடுத்த சில இங்கே.

முதலில் மீன். தடை முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் கால் வைக்க இடம் இருக்காது. நகரம் முழுவதும் கூடையோடு வந்து நிற்கும். ஆனால் அன்று போவதைவிட அடுத்த ஞாயிறு போவது மேல். பெரிய விசைப்படகுகள் ஒரே நாளில் திரும்புபவை அல்ல. நடுக்கடலில் பல நாள் தங்கி, பிடித்த மீனை ஐஸில் அடுக்கிக்கொண்டு வருபவை. அவை கரை சேர்ந்த பிறகுதான் வகையும் பெருகும், விலையும் இறங்கும். ஏலம் விடிவதற்கு முன்பே நடந்துவிடும். குரல் கொடுப்பவரின் வேகத்துக்கு முதல்முறை போகிறவர்களால் ஈடுகொடுக்க முடியாது. ஏலக் கூடத்துக்கு வெளியே கூறு கட்டி உட்கார்ந்திருக்கும் அம்மாக்களிடம் வாங்குவதே நல்லது. கண் தெளிவாக இருக்கிறதா, செவுள் சிவந்திருக்கிறதா, விரலால் அழுத்தினால் பள்ளம் விழாமல் சதை எழும்புகிறதா என்று பார்த்தால் போதும். இப்படிப் பார்க்கிறவர்களை அந்த அம்மாக்கள் மதிக்கிறார்கள். பேரமும் சுமுகமாக முடிகிறது.

எல்லோரும் வஞ்சிரத்தையும் வவ்வாலையும் தேடி ஓடுகையில், சின்ன மீன்கள் பக்கம் கவனம் திரும்பவேண்டும். நெத்திலி, காரப்பொடி, கிழங்கான், கானாங்கெளுத்தி. விலை குறைவு, ருசி அதிகம். ஜூனில் மாங்காயும் கிடைக்கும் என்பதால் நெத்திலியும் மாங்காயும் சேர்ந்த குழம்புக்கு இதைவிட நல்ல நேரம் வராது. நல்லெண்ணெயில் வெந்தயம் சிவக்க, சின்ன வெங்காயமும் பூண்டும் வதங்க, புளித்தண்ணீர் பச்சை வாசனை போகக் கொதித்த பிறகு மாங்காய். மாங்காய் பாதி வெந்ததும் மீன். அதன் பிறகு கரண்டி படவே கூடாது, சட்டியைப் பிடித்து ஒரு சுழற்று சுழற்றினால் போதும். இறக்கிய உடனே சாப்பிடுவது ஒரு ருசி. ஆனால் ராயபுரம் வீடுகளில் கேட்டால் மறுநாள் காலை மண்சட்டியின் அடியில் மிஞ்சியிருக்கும் குழம்பைத்தான் சொல்வார்கள். ஓர் இரவுக்குள் உப்பும் புளியும் காரமும் மீனின் நடுவரை இறங்கிவிடுகின்றன. மேலே எண்ணெய் தனியே மிதக்கும். அதில் இட்லியைப் பிட்டுத் தோய்த்துத் தின்பது வடசென்னையின் நாஷ்டா.

ஜூன் 29 புனித பேதுருவின் திருநாள். தமிழ்க் கத்தோலிக்கர்கள் பேதுருவை இராயப்பர் என்று அழைத்தார்கள்; அந்தப் பெயரிலிருந்து வந்ததே ராயபுரம் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். பேதுரு கலிலேயக் கடலில் வலை வீசியவர். மீனவருக்குப் பெயர் வைத்த ஊர் மீன்பிடித் துறைமுகமாகவே நிலைத்தது பொருத்தம்தான். இங்குள்ள இராயப்பர் ஆலயத்தை எழுப்பியவர்கள் படகோட்டிகள். சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரம் போட்டு நிற்க, தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலா படகுகளில் ஆட்களையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தவர்கள் அவர்கள். ஆணி அடித்த படகு அந்த அலையில் பிளந்துவிடும். தைத்த படகு அடியை வாங்கிக்கொண்டு வளைந்து கொடுக்கும். ஆலயத்துக்குள் பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கும்போது, அந்தக் கைகள் சேர்த்த காசில் நின்ற சுவர் இது என்ற நினைவும் கூடவே இருந்தால் அந்த அமைதிக்கு வேறு கனம் வந்துவிடும்.

அதே வாரத்தில் இன்னொரு நாளும் வருகிறது. 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரம் ரயில் நிலையத்திலிருந்து வாலாஜா ரோடு வரை பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. சில நாட்களுக்கு முன்பு ஆளுநர் ஹாரிஸ் பிரபு நிலையத்தைத் திறந்து வைத்திருந்தார். இந்தியாவில் பம்பாய்க்கும் ஹவுராவுக்கும் அடுத்துப் பயணிகள் ரயில் ஓடிய மூன்றாவது பாதை இது. தென்னிந்தியாவில் முதல் பாதை. அந்த இரண்டு ஊர்களிலும் முதன்முதலில் கட்டிய நிலையங்கள் இன்று இல்லை. ராயபுரத்துக் கட்டடம் நிற்கிறது. துணைக்கண்டத்தில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் என்ற பெருமை இதற்கு உண்டு. தூண்கள் வரிசையாக நிற்கும் முகப்பு. பல ஆண்டு பாழ்பட்டுக் கிடந்ததை 2005-ல் புதுப்பித்தார்கள். எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் போகிற கூட்டத்தில் ஒரு விழுக்காடுகூட இங்கே வருவதில்லை. அதனாலேயே நிழலும் காற்றும் நமக்கே நமக்கு என்று கிடைக்கின்றன. கடற்கரை நிலையத்திலிருந்து புறப்படும் மின்சார ரயில் அடுத்த நிறுத்தமாக இங்கே நிற்கும். டிக்கெட் ஒரு டீ விலைகூட ஆகாது.

மாலையில் தெருவுக்குள் திரும்பினால் காதுக்கு முதலில் கிடைப்பது டக் டக் என்ற சத்தம். வெளிச்சத்துக்கு அடியில் கேரம் போர்டு, சுற்றி நாலு பேர், அவர்களைச் சுற்றிப் பத்துப் பேர். வீடு ஓரறை, தெரு ஆறடி, வேலை ஷிப்டு முறை என்று இருக்கிற இடத்தில் இதற்கு ஈடான விளையாட்டு வேறு இல்லை. மைதானம் வேண்டாம், மழைக்கு ஒரு ஓரம் போதும், இரவு பத்து மணிக்கு வேலை விட்டு வருகிறவரும் ஒரு கை போடலாம். வெள்ளை ஒன்பது, கருப்பு ஒன்பது, சிவப்பு ஒன்று. காயின் ஒன்று ஐந்து கிராம் சொச்சம். ஸ்ட்ரைக்கர் பதினைந்து கிராம் வரை போகலாம். இந்த எடை வித்தியாசம்தான் விளையாட்டின் உயிர். மெல்லத் தொட்டாலும் காயின் நகரும், ஓங்கி அடித்தால் எதிர்ச் சட்டத்தில் மோதித் திரும்பி வரும். சிவப்பைப் போட்டால் மட்டும் போதாது, அதற்கு ஃபாலோ போட்டாகவேண்டும். அந்த ஃபாலோவுக்காகச் சுற்றி நிற்கிற பத்துப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் நொடியைப் பார்ப்பதற்காகவே அங்கே நிற்கலாம். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

வெறும் பொழுதுபோக்கு என்று நினைத்துவிட வேண்டாம். முதல் உலக கேரம் சாம்பியன் பட்டத்தை 1991-ல் வென்ற மரிய இருதயம் சென்னைக்காரர். 1995-லும் அவரே வென்றார், மறு ஆண்டு அர்ஜுனா விருது பெற்றார். 2008-ல் பிரான்ஸின் கான் நகரில் பெண்கள் ஒற்றையர் பட்டத்தை வென்ற இளவழகி வியாசர்பாடியில் வளர்ந்தவர். அப்பா மீன்பாடி வண்டி ஓட்டியவர். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் காசிமா மூன்று தங்கம் வென்றபோது, ஆட்டோ ஓட்டும் அப்பாவின் மகள் என்று பத்திரிகைகள் எழுதின. அவரும் இந்த வடசென்னைத் தெருக்களின் பிள்ளையே. வெற்றிமாறனின் ‘வடசென்னை’ படத்தில் கேரம் வருவது அலங்காரத்துக்காக அல்ல.

பசி எடுத்திருக்கும். ராயபுரத்திலிருந்து தெற்கே நடந்தால் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே, பர்மா பஜாரின் பின்பக்கம், செகண்ட் லைன் பீச் சாலையில் தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கும். இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளவேண்டும், ஏனென்றால் இங்கே ஒரு தட்டில் கிடைப்பது ஒரு பெரும் இடப்பெயர்ச்சியின் கதை.

வண்டிக்காரர் ஒரு அகலமான பாத்திரத்தில் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த தடித்த நூடுல்ஸை அள்ளிப் போடுகிறார். மேலே மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸ், வெங்காயம், கொத்தமல்லி. சிவக்கப் பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், மிளகாய்த் தூள், உப்பு, புளித்தண்ணீர். பிறகு எலுமிச்சையைப் பிழிந்துவிட்டுக் கையாலேயே பிசைகிறார். அடுப்பு, வாணலி எதுவும் இல்லை. கடைசியில் மொறுமொறுவென்று ஏதோ ஒன்றை நொறுக்கித் தூவித் தட்டில் வைத்து நீட்டுகிறார். இதுதான் அத்தோ. கூடவே ஒரு கிண்ணத்தில் சுடச்சுட வாழைத்தண்டு சூப், எத்தனை முறை கேட்டாலும் ஊற்றுவார்கள். பக்கத்தில் முட்டை மசாலா: வேகவைத்த முட்டையைப் பிளந்து, உள்ளே பொரித்த வெங்காயமும் பூண்டும் புளித்தண்ணீரும் அடைத்து, ஒரே வாயில் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். இரண்டு வாயாகச் சாப்பிட முயன்றால் சட்டை பாழ்.

பர்மிய மொழியில் அதோக் என்றால் கையால் கலந்து பிசைந்த உணவு. தமிழ் நாக்கில் அது அத்தோ ஆனது. மேலே தூவிய மொறுமொறுப்புக்குப் பேஜோ என்று பெயர். பர்மியத்தில் ‘பே’ பருப்பு, ‘ஜோ’ பொரித்தது. அந்தச் சூப் மொஹிங்காவின் பாதி. மொஹிங்கா பர்மாவின் காலை உணவு. மீனும் வாழைத்தண்டும் சேர்ந்த குழம்பை அரிசிச் சேமியாவின் மேல் ஊற்றிச் சாப்பிடுவார்கள். சென்னை வண்டிகளில் பெரும்பாலும் மீன் விலகிக்கொண்டது, வாழைத்தண்டு மட்டும் தங்கிவிட்டது. மிளகாய்த் தூளும் புளியும் கூடியிருக்கின்றன. பெயர் பர்மாவுடையது, காரம் நம்முடையது.

இதை இங்கே கொண்டுவந்தவர்கள் பர்மாத் தமிழர்கள். ரங்கூனிலும் ஐராவதி வயல்களிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் அவர்கள். 1962-ல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-ல் கடைகள் நாட்டுடைமை ஆயின, பெரிய நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. சேர்த்து வைத்ததை விட்டுவிட்டுக் கப்பலேறி லட்சக்கணக்கானோர் இந்தியா திரும்பினார்கள். சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்களில் ஒரு பகுதியினர் வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியேறினார்கள். எண்ணூரில் இன்றும் ஒரு பர்மா நகர் இருக்கிறது. துறைமுகத்துச் சுவரோரம் கடை போட அவர்களுக்கு இடம் கிடைத்து, 1969-ல் உருவானதுதான் பர்மா பஜார். வெளிநாட்டு வானொலிப் பெட்டியும் செண்டும் விற்ற அந்தக் கடைகளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். கைப்பக்குவத்தைத் தவிர வேறு முதல் இல்லாதவர்கள் தள்ளுவண்டியில் சோறாக்கிப் பிழைத்ததுதான் நீடித்தது. ஊரை இழந்து வந்தவர்களின் ஏக்கம் ஒரு தட்டு நூடுல்ஸாக மாறி, அந்த ஊரை ஒருபோதும் பார்க்காத கல்லூரிப் பிள்ளைகளின் மாலைப் பசியைத் தீர்க்கிறது. முதல்முறை போகிறவர்கள் அத்தோவில் தொடங்கி, சூப்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கி, முட்டை மசாலாவில் முடிப்பது சரியான வரிசை. ஏழு மணிக்குள் போய்விட்டால் நின்று சாப்பிடவாவது இடம் கிடைக்கும்.

இனி வடக்கே. வண்ணாரப்பேட்டையோடு நின்றிருந்த மெட்ரோ 2021 பிப்ரவரி 14 முதல் விம்கோ நகர் வரை ஓடுகிறது. தண்டையார்பேட்டை தாண்டியதும் ரயில் சுரங்கத்தை விட்டு மேலேறும். கிழக்குப் பக்கச் சன்னலைப் பிடித்துக்கொண்டால் மொட்டை மாடிகளுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் அந்தப் பக்கம் கடல் கோடாகத் தெரியும். தரையில் நடக்கும்போது சுவர்களும் கிடங்குகளும் மறைத்துவைத்திருந்த கடல் அது. வழியில் வரும் காலடிப்பேட்டை யாருடைய காலடியும் அல்ல. 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் குடியமர்த்திய காலெட் பேட்டை அது. அங்கே இறங்கிக் கல்யாண வரதராஜப் பெருமாள் கோயில் தெருவைச் சுற்றிவர அரை மணி நேரம் போதும்.

திருவொற்றியூர் தேரடியில் இறங்கினால் தியாகராஜ சுவாமி கோயில். ஆனிப் பௌர்ணமி அன்று வடிவுடையம்மன் சன்னிதியில் நெரிசல்தான். நெரிசல் பிடிக்காதவர்கள் வேறு நாள் போய்ப் பிராகாரத்து மகிழ மரத்தடியில் உட்காரலாம். பெரிய புராணம் சொல்லும் ஒரு கதை இந்த மரத்தோடு சேர்ந்தது. சங்கிலியாரை மணக்க விரும்பிய சுந்தரர், உன்னைப் பிரியமாட்டேன் என்று கோயிலுக்குள் சத்தியம் செய்யவேண்டிய நிலை. திருவாரூரை மறந்திருக்க முடியாத அவர், சத்தியம் செய்யும் நேரத்தில் சன்னிதியை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடுமாறு இறைவனிடமே கேட்டுக்கொண்டார். இறைவன் சம்மதித்துவிட்டு, சங்கிலியாரின் கனவிலும் போய், சத்தியத்தை மகிழடியில் வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டார். சுந்தரர் மாட்டிக்கொண்டார். பிறகு சொல்லை மீறி ஊர் எல்லையைத் தாண்டியபோது பார்வை போயிற்று. நட்புக்கும் நியாயத்துக்கும் நடுவில் நின்ற இறைவன் பெண்ணின் பக்கம் சாய்ந்த இந்தக் கதையை ஒவ்வோர் ஆண்டும் மாசித் திருவிழாவில் மகிழடி சேவையாக நடத்திக் காட்டுகிறார்கள்.

இந்தக் கோயிலுக்கு இசையிலும் ஓர் இடம் இருக்கிறது. திருவையாற்றுத் தியாகராஜர் இங்கே வந்து அம்மன் மேல் ஐந்து கிருதிகள் இயற்றினார். சுத்தசாவேரி, கல்யாணி, ஆரபி, பேகடா, சாவேரி என்று ஐந்து ராகங்கள். திருவொற்றியூர்ப் பஞ்சரத்தினம் என்று பெயர். அவருடைய சீடர் வீணை குப்பையரின் ஊர் இது. கச்சேரிகளில் எப்போதாவது கேட்கக் கிடைக்கும் இவற்றை, சன்னிதியிலிருந்து வெளியே வந்து தேர்வீதியில் நடந்துகொண்டே கைபேசியில் கேட்பது தனி அனுபவம். இந்தப் பட்டியலில் பேகடாவை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். அது எண்ணூரில் திரும்பி வரப்போகிறது.

எண்ணூருக்கு மின்சார ரயிலில் போவதே நல்லது. கத்திவாக்கம் தாண்டினால் எண்ணூர் நிலையம். அங்கிருந்து கொசஸ்தலையாறு கடலில் சேரும் முகத்துவாரம் கிட்டத்தில்தான். மாலை வெயில் சாயும் நேரத்தில் பாலத்தின் மேல் நின்றால் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கழி. தூரத்தில் அனல்மின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கிகள். அவற்றின் அடியில் இன்னும் மிச்சமிருக்கும் அலையாத்திச் செடிகள். முழங்கால் அளவுத் தண்ணீரில் இருளர் சமூகத்து ஆண்களும் பெண்களும் குனிந்து சேற்றைத் தடவிக்கொண்டு நகர்வதைப் பார்க்கலாம். வலை இல்லை, தூண்டில் இல்லை. விரலில் இறால் தட்டுப்பட்டதும் பிடித்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருக்கும் ஓலைப் பறிக்குள் போடுகிறார்கள். விரல் நுனியில் இவ்வளவு அறிவைச் சேர்த்து வைத்திருக்கிறவர்கள் இந்த நகரத்தில் வேறு யாரும் இருக்கிறார்களா என்று தெரியவில்லை. கழி இறாலுக்குக் கடல் இறாலில் இல்லாத ஒரு தித்திப்பு உண்டு; நண்டுக்கும் அப்படியே. பிடித்தவர்களிடமே பேரம் பேசாமல் வாங்கவேண்டும்.

பேரம் வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. அனல்மின் நிலையங்களின் சாம்பல் பல ஆண்டுகளாக இந்தக் கழியைத் தூர்த்து வந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதி எண்ணெயும் அடித்து வரப்பட்டு, படகு, வலை, அலையாத்தி வேர், கொக்கின் இறகு என்று எல்லாவற்றின் மேலும் கரியாகப் படிந்தது. வாளியிலும் குவளையிலும் அதை மொண்டு எடுத்தவர்கள் இங்குள்ள மீனவர்களே. எண்ணூரின் சுகத்தைச் சொல்கிறவர் இந்த வலியைச் சொல்லாமல் விட்டால் அது பொய்யாகிவிடும்.

இதையெல்லாம் முன்பே பாட்டில் சொன்னார்கள். 2017 ஜனவரியில் வெளிவந்த ‘சென்னைப் புறம்போக்கு பாடல்’ கபேர் வாசுகி எழுதி, டி.எம்.கிருஷ்ணா பாடியது. கர்நாடக ராகங்களில், ஆனால் சென்னைத் தமிழில். எண்ணூர்க் கழியின் கரையில் சாம்பலுக்கும் குழாய்களுக்கும் நடுவே நின்று அவர் பாடும் காட்சியோடு வந்தது. புறம்போக்கு என்றால் வசைச் சொல்லாகிவிட்ட காலத்தில், ஊருக்கே பொதுவான நிலம், நீர், கரை என்ற அதன் பழைய பொருளை அந்தப் பாடல் மீட்டுக் கொடுத்தது. ராகமாலிகையாக அமைந்த அதில் ஆனந்தபைரவிக்கு அடுத்து வருவது பேகடா. வடிவுடையம்மனைக் கெஞ்சிய ராகம், அங்கிருந்து சில மைல் வடக்கே கழிக்காகவும் கெஞ்சுகிறது.

இருட்டிய பிறகு எண்ணூரிலிருந்து திரும்பும் ரயிலில் கூட்டம் இருக்காது. கைபேசியில் முதலில் தியாகராஜரின் பேகடாவைப் போட்டால், வ.உ.சி. நகரோ தண்டையார்பேட்டையோ வருவதற்குள் முடிந்துவிடும். அடுத்ததான புறம்போக்குப் பாடலை ரயிலிலேயே தொடங்கிவிடாமல் ராயபுரத்தில் இறங்கலாம். அந்த 1856-ஆம் ஆண்டுத் தூண்களுக்கு அருகே உட்கார இடமும் கிடைக்கும், துறைமுகத்துப் பக்கமிருந்து உப்புக் காற்றும் வரும். பாடல் பத்து நிமிடத்துக்குள்தான். அடுத்த ரயில் வருவதற்குள் கேட்டுவிடலாம்.